குழல்செடி

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. அப்பா வேனை நிறுத்திவிட்டு இறங்கி, இரும்புக் கதவுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். பின்னால் அரவை மிஷினைக் கட்டியிருந்த சங்கிலியை அவிழ்த்துக்கொண்டே மாமாவும் பார்த்தார்.

“வீடு எங்க மச்சான்?”

“அதோ, ஓடு தெரியுது பாரு.”

“ஓடு தெரியுது. வீட்டைத்தான் காணோம்.”

மாமா சொன்னது சரிதான். கதவுக்கு அந்தப் பக்கம் முழுக்கப் பச்சை. ஆளைவிட உயரமாக, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, புதர் வீட்டுச் சுவர்வரை வந்து நின்றது. மாடிச் சன்னல் ஒன்றின் கண்ணாடியை உடைத்து ஒரு கிளை உள்ளே போயிருந்தது. தெருவில் மற்ற மரங்களெல்லாம் இலை உதிர்த்து நின்ற பருவம். இது மட்டும் நேற்றுத்தான் துளிர்த்ததுபோல இருந்தது.

தோட்டம் போட்டுக் கொடுப்பவர்கள் ஊரில் நிறைய பேர். போட்ட தோட்டம் கையை மீறிப் போனால் கூப்பிடுகிற ஆள் அப்பா. அவர் வெட்டுவார். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, வெட்டிய கிளைகளை வெளியே இழுத்துப்போய் மிஷினில் அரைப்பார். தாவரவியல் படித்து முடித்த நான், வேலை கிடைக்கும்வரை என்று இவர்களோடு சேர்ந்தேன். கிடைக்கவில்லை. நேர்முகத் தேர்வுகளில் என் குரல் மேசையைத் தாண்டாது. கல்லூரியில் முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே, நான் சொன்ன பதில் ஆசிரியருக்குக் கேட்காமல், வராதவளாகப் பதிவான நாட்கள் உண்டு.

வீட்டை வாங்கியிருந்தவர் ஒரு பல் டாக்டரம்மா. சாவிக்கொத்தோடு காத்திருந்தார்.

“முன்னாடி இருந்தவங்க வேலிக்காக ஒரு வரிசை நட்டாங்களாம். பூ வாசனையா இருக்கும், பழம் செக்கச்செவேல்னு இருக்கும்னு. அவ்வளவுதான். மிச்சமெல்லாம் தானா வந்தது.”

“அவங்க எங்க மேடம்?” என்றார் அப்பா.

“தெரியலைங்க. வீடு ஏலத்துலதான் வந்தது. போன வருஷம் ஒரு குழுவை வரச்சொன்னேன். பாதி வெட்டிட்டுச் சொல்லாம கொள்ளாம போயிட்டாங்க. ஃபோன் போட்டா எடுக்கவே இல்ல.”

அப்பா வேலி ஓரத்தில் விரல் தடிமனான ஒரு கிளையை ஒடித்து என்னிடம் நீட்டினார். இது என் வேலை. அடையாளம் சொல்வது.

இலைகள் இரண்டிரண்டாக, எதிரெதிரே. கணுவில் ஜோடி ஜோடியாகச் சிவப்புப் பழங்கள். இங்கே காலங்காலமாக வளர்கிற இன்னொரு செடிக்கும் இதே இலை, இதே பழம். வெளியே பார்த்துச் சொல்லவே முடியாது. அதனால் கிளையை நறுக்கி, பேனாக்கத்தியால் நீளவாக்கில் பிளந்து, இரண்டு பாதியையும் விரித்துப் பார்ப்போம். நம்முடையதாக இருந்தால் நடுப்பகுதி வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். அதை விட்டுவிடுவோம்.

இது உள்ளே வெறும் குழல். ஓரத்தில் பழுப்பாக ஒரு படலம்.

“குழல்செடி” என்றேன்.

“என்னம்மா?” என்றார் டாக்டரம்மா.

“குழல்செடியாம் மேடம்” என்று மாமா உரக்கச் சொன்னார். “எங்க சயின்டிஸ்ட் சொன்னா சரியாத்தான் இருக்கும். வாயைத் திறக்க வைக்கிறதுதான் கஷ்டம்.”

“இது அப்படி என்ன பண்ணுது?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். “எங்கிருந்தோ வந்தது மேடம். வந்த இடத்துல வேற எதையும் வாழ விடாது. முதல்ல துளிர்க்கும், கடைசியில உதிரும். வெளிச்சத்தையெல்லாம் எடுத்துக்கும். மேல வெட்டினா பத்தா வரும். வேரோட சாகடிச்சாத்தான் நிக்கும்.”

“நம்ம மனுஷங்க மாதிரின்னு சொல்லு” என்றார் மாமா.

டாக்டரம்மா சிரித்துவிட்டு, சாவியை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, மருத்துவமனைக்கு நேரமாகிவிட்டது என்று காரில் ஏறிப் போனார்.

புதருக்குள் நுழைவதற்கு முன் அப்பா வழக்கம்போல என்னை நிறுத்தி விதிகளைச் சொன்னார். எத்தனை முறை கேட்டிருந்தாலும் அவர் சொல்லாமல் இருக்கமாட்டார்.

இந்தச் செடியைத் தரையை ஒட்டி, மட்டமாக வெட்ட வேண்டும். வெட்டிய முகம் காய்வதற்குள் மருந்து பூச வேண்டும். பட்டைக்கு உள்பக்கம் இருக்கிற மெல்லிய வளையத்தில் மட்டும் பூசினால் போதும். அங்கிருந்து அது வேருக்கு இறங்கிவிடும். எது பூசியது, எது பூசாதது என்று தெரிய மருந்தில் நீலச் சாயம் கலந்திருக்கும். பூசாமல் ஒரு கட்டை விட்டுப்போனால் போதும், அடுத்த வருஷம் அது பத்துக் கிளையாக எழுந்து நிற்கும்.

உள்ளே ஒரு கை தூரத்துக்கு அப்பால் ஆள் தெரியாது. அதனால் குரல். அப்பா ஒன்றை வெட்டியதும் “வெட்டு!” என்பார். நான் குரலைத் தேடிப் போய்ப் பூசிவிட்டு “பூச்சு!” என்று சொல்ல வேண்டும். அந்தப் பதில் வரும்வரை அப்பா அடுத்த செடியில் ரம்பத்தை வைக்கமாட்டார். மழை கொட்டினாலும் சரி, குளவி கொட்டினாலும் சரி.

“சத்தமா சொல்லணும் பாப்பா.”

“சரிப்பா.”

“டப்பாவை எங்க வேணாலும் வைக்கக்கூடாது. உள்ள விட்டுட்டு வரவே கூடாது. விஷம் அது. யார் கைக்குப் போகும்னு நமக்குத் தெரியாது.”

“சரிப்பா.”

“இந்த ‘சரிப்பா’வே எனக்குக் கேக்கல. ‘பூச்சு’ எங்க கேக்கப்போகுது?” என்றார் மாமா மிஷினைத் துடைத்துக்கொண்டே.

அப்பா கைரம்பத்தோடு குனிந்து உள்ளே போனார். பின்னால், மருந்து டப்பாவும் மணிக்கட்டில் கட்டிய தூரிகையுமாக நான்.

உள்ளே வெளிச்சம் பச்சையாகவும் கலங்கலாகவும் இருந்தது. தரையில் புல் இல்லை. எறும்பு இல்லை. பறவைச் சத்தம் வேலியோடு நின்றுவிட்டது. மண் பெருக்கி விட்டதுபோல் வெறுமையாக இருந்தது. ஈரமும், கெட்டுப்போன இனிப்பும் கலந்த ஒரு வாசனை.

போன வருஷத்துக் குழு வெட்டியிருந்த கட்டைகளைப் பார்த்தோம். எதிலும் நீலம் இல்லை. ஒவ்வொன்றைச் சுற்றியும் கைவிரல்களைக் குவித்ததுபோல் புதுக்கிளைகள் எழும்பியிருந்தன.

“வெட்டிட்டுப் பூசாமப் போயிருக்கான். படுபாவி” என்றார் அப்பா. அவருக்கு அது கொலைக்குச் சமம்.

கர்... கர்... கர்... என்று ரம்பம் இழுபட்டது. ஒரு செடி சாய்ந்தது.

“வெட்டு!”

போனேன். பூசினேன். “பூச்சு” என்றேன்.

“கேக்கல!”

“பூச்சு!”

அப்படியே காலை ஓடியது. மாமா வந்து கிளைகளை அடிப்பக்கத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார். வேலிக்கு வெளியே மிஷின் உறுமும். கிளை உள்ளே போகும்போது அதன் சத்தம் ஒரு கட்டை ஏறி, பிறகு இறங்கும்.

எப்போது மாறியது என்று சரியாகத் தெரியவில்லை. அப்பாவின் “வெட்டு!” கேட்டு, வழியில் தலைமுடி ஒரு கிளையில் சிக்கி, விடுவித்துக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா அங்கே இல்லை. அடுத்த செடியை அறுத்துக்கொண்டிருந்தார். கட்டை பூசாமல் கிடந்தது.

“அப்பா, நான் இன்னும் பூசலையே.”

“நீதானே சொன்ன? இன்னைக்குத்தான் நல்லா கணீர்னு சொல்றேன்னு நினைச்சேன்.”

நான் அந்தக் கட்டையில் பூசினேன். திரும்பிப் பார்த்தேன். நாங்கள் வந்த வழியில் இன்னும் சில கட்டைகள் நீலமில்லாமல் வெளுத்துத் தெரிந்தன. ஒவ்வொன்றுக்கும் அப்பாவுக்குப் பதில் கிடைத்திருக்கிறது.

எந்தக் குரல் என்று நான் கேட்கவில்லை. எதிரொலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எதிரொலி அசலைவிடச் சத்தமாக இருக்காது என்று படித்தவள்தான் நான்.

மதியம் வேன் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம். மாமா காலை நீட்டிப் படுத்திருந்தார். அப்பா பாட்டிலை வாயில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“வெட்டு!”

புதருக்குள்ளிருந்து வந்தது. அப்பாவின் குரல்.

பாட்டில் அப்பாவின் வாயிலேயே நின்றது. தண்ணீர் கழுத்தில் வழிந்தது.

“மச்சான்” என்றார் மாமா எழுந்திருக்காமலே, “வாய்ல தண்ணியை வெச்சுக்கிட்டே பேசற வித்தை எப்பக் கத்துக்கிட்டீங்க?”

அப்பா பாட்டிலைக் கீழே வைத்தார்.

“பக்கத்து வீட்டுப் பசங்க எவனாவது வேலியைத் தாண்டி வந்திருப்பான்” என்று அப்பா எழுந்தார். நாங்கள் மூவரும் உள்ளே போய்ப் பார்த்தோம். பசங்கள் யாரும் இல்லை. நாங்கள் இன்னும் தொடாத பகுதியில், தொடைப் பருமனான ஒரு செடி வெட்டுப்பட்டுக் கிடந்தது. முகம் மேசை மாதிரி மட்டம். ஈரம் மினுங்கியது.

கீழே ரம்பத்தூள் இல்லை. ஒரு துளிகூட.

அப்பா வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு, “பூசு பாப்பா” என்றார். நான் பூசினேன். நீலம் வளையத்தைத் தாண்டி வழிந்தது.

“இதோட போதும். இருக்கிற கிளையை அரைச்சுட்டுக் கிளம்பலாம்” என்றார்.

மாமா கிளைகளை இழுக்க உள்ளே போனார். நானும் அப்பாவும் வாசலில் கருவிகளைக் கட்டிக்கொண்டிருந்தோம். மிஷின் சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

மாமா வெளியே வந்தார். வலது கையால் இடது கையைப் பிடித்திருந்தார். முகத்தில் வலியைவிட ஆச்சரியம்தான் அதிகம்.

“மச்சான், ஒண்ணுமே உரசல. கிளையைத்தான் பிடிச்சேன்.”

ஆள்காட்டி விரல் நடுக்கணுவோடு அறுந்து நின்றிருந்தது. ரத்தம் முழங்கைவரை ஓடிச் சொட்டியது. அப்பா துண்டை எடுத்துச் சுற்றப் போனபோது ஒரு நொடி வெட்டுமுகம் என் கண்ணில் பட்டது. மேசை மாதிரி மட்டம். நடுவில் எலும்பு. வெள்ளையாக ஒரு வளையம். அதற்குள்ளே பழுப்புச் சிவப்பாக, கெட்டியில்லாமல் ஒன்று.

குழல்.

விரல் தடிமனில் ஒரு கிளை எடுத்துத்தான் நாங்களும் அடையாளம் பார்ப்போம்.

“துண்டு எங்க?” என்று அப்பா கத்தினார். “எடுத்துட்டுப் போனா தெச்சிடுவாங்கடா. எங்க விழுந்துச்சு?”

“உள்ளதான்... அந்தப் பெரிய செடிக்கிட்ட.”

“நீ வேன்ல உக்காரு. கையை மேல தூக்கிப் பிடி. எங்கேயும் நகராத. பாப்பா, வா.”

அப்பா கைரம்பத்தை எடுத்துக்கொண்டார். மருந்து டப்பா என் கையிலேயே இருந்தது. அதைக் கீழே வைக்கக்கூடாது என்ற பழக்கம்.

தேட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஒரு கட்டையின் மேல், பெரிய இலை ஒன்றில், எங்களுக்காக எடுத்து வைத்ததுபோல் இருந்தது.

நீளவாக்கில் பிளந்திருந்தது. இரண்டு பாதியும் விரித்து வைக்கப்பட்டிருந்தன.

அப்பா பார்த்தார். அவருக்கும் புரிந்தது. இருபது வருஷமாக அதே காரியத்தைச் செய்கிறவர். என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“நட. ஓடாத. மெதுவா நட.”

அப்போது இடதுபக்கம், வெகு அருகில், ஒரு பெண்குரல் கணீரென்று கேட்டது.

“மாமா! கிடைச்சிடுச்சு! உள்ள வாங்க!”

என் குரல்.

அப்பா என் வாயைப் பார்த்தார். அது மூடியிருந்தது.

“மாப்ளே! வராதடா! வராத!”

வெளியே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் அப்பாவின் குரல் மாமாவுக்குக் கேட்டிருக்காது. அந்தக் குரல் மட்டும் எப்படிக் கேட்டதோ.

“இதோ வரேன் சயின்டிஸ்ட்!” என்று மாமா பதில் சொன்னது கேட்டது. வலியிலும் குரலில் ஒரு சிரிப்பு. “இவ்வளவு சத்தம் போடறியே, விரல் போனாலும் பரவாயில்ல!”

இலைகள் சலசலத்தன.

கர்... கர்... கர்...

மாமா அலறினார்.

மனிதன் அப்படி அலறி நான் கேட்டதில்லை. மூச்சு விடாமல், ஒரே சுருதியில், ரம்பம் இழுபடும்போதெல்லாம் நடுங்கி ஏறியது. அப்பா என்னை இழுத்துக்கொண்டு ஓடினார். கிளைகள் முகத்தில் அறைந்தன. அலறல் எங்களுக்கு முன்னால் நகர்ந்து போய்க்கொண்டே இருந்தது.

கொஞ்சம் திறந்த இடத்துக்கு வந்தோம்.

தரையில் மாமாவின் பூட்ஸ் இரண்டும் நின்றிருந்தன. பக்கத்தில் பக்கத்தில், நேராக, கயிறு கட்டியபடி. கணுக்காலுக்கு மேல் இரண்டும் மட்டமாக முடிந்திருந்தன. வெள்ளை வளையம். பழுப்பு நடு.

மீதி அங்கே இல்லை. மண்ணில் அகலமான ஈரக்கோடு ஒன்று வேலிப்பக்கம் போனது. வெட்டிய கிளையை அடிப்பக்கத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனால் விழுகிற கோடு.

“வெட்டு!” என்றது அப்பாவின் குரல், பூட்ஸுக்குப் பக்கத்திலிருந்து.

வெளியே மிஷினின் சத்தம் ஒரு கட்டை ஏறியது.

மாமாவின் அலறல் நின்றது.

மிஷினின் சத்தம் உடனே இறங்கவில்லை. இறங்க வெகுநேரம் ஆனது.

அப்பா கைரம்பத்தை ஓங்கிக்கொண்டு அந்தக் கோட்டின் வழியே பாய்ந்தார். எதிரே நின்ற செடிகளைத் தாறுமாறாக வெட்டினார். மட்டமாக அல்ல, சாய்வாக, மேலே, நடுவில், கை போன இடத்தில். அப்பா அப்படி வெட்டி நான் பார்த்ததே இல்லை. கிளைகளை விலக்க வலது கையை உள்ளே நீட்டினார்.

கிளைகள் அதன்மேல் மூடிக்கொண்டன.

கர்... கர்...

அவர் பின்னால் விழுந்தபோது கை முழங்கைக்குக் கீழே இல்லை.

நான் அவர்மேல் விழுந்து இடுப்பு பெல்ட்டை உருவினேன். கையைச் சுற்றி இறுக்கினேன். பல்லால் கடித்து இழுத்தேன். ரத்தம் என் வாய்க்குள் போனது. அவர் கண்கள் திறந்திருந்தன. நெஞ்சு வேகமாக ஏறி இறங்கியது.

என் தலைக்கு மேல், மிக அருகில், அவர் குரல்.

“வெட்டு!”

நான் அசையவில்லை.

எதுவும் அசையவில்லை. இலைகூட. வாசனை மட்டும் கெட்டியாக என் பிடரியில் வந்து உட்கார்ந்தது.

“வெட்டு!”

காலையிலிருந்து அத்தனை முறை எனக்குப் பதிலாகப் பதில் சொன்ன அந்த இன்னொரு குரல் இப்போது வரவில்லை. ஏன் என்று என் கையைப் பார்த்ததும் விளங்கியது. நீல டப்பா என்னிடம் இருந்தது. தூரிகை என் மணிக்கட்டில் கட்டியிருந்தது. பொய்ப் பதில் எங்களுக்காக. தன் வேலையில் அது தன்னையே ஏமாற்றிக்கொள்ளாது. பூசாமல் விட்டால் என்ன ஆகும் என்று எங்களைவிட அதற்கு நன்றாகத் தெரியும்.

பதில் வரும்வரை வெட்டுகிறவர் அடுத்ததில் ரம்பம் வைக்கக்கூடாது. அப்பாவின் கை தானாக அதன் ரம்பத்துக்குள் போய் விழுந்தது.

அது காத்திருந்தது. எனக்காக.

“வெட்டு, பாப்பா.”

அப்பாவின் உதடுகள் என் காதருகே அசைந்தன. “சொல்லாத” என்றார். மூச்சுதான் வந்தது.

“கேக்கல பாப்பா” என்றது மேலே இருந்த குரல், பொறுமையாக. “சத்தமா சொல்லணும்.”

வாழ்க்கையில் ஒருமுறையாவது என் வாயடைப்பு எனக்கு உதவியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு அப்பாவின் அக்குளுக்குள் கையை நுழைத்தேன். ஒரு கையால் முடியவில்லை. அவர் கனமானவர். இரண்டு கையும் வேண்டும்.

டப்பாவைக் கீழே வைத்தேன்.

மணிக்கட்டில் தூரிகை அவருடைய சட்டையில் சிக்கியது. அதையும் அறுத்துப் போட்டேன்.

பிறகு இழுத்தேன். பின்பக்கமாக, குனிந்தபடி, அவர் குதிகால்கள் மண்ணில் கோடு போட. ஒவ்வொரு அடிக்கும் அது கூடவே வந்தது. “வெட்டு... வெட்டு, பாப்பா... கேக்கல.” என்னைத் தொடவில்லை. விதி விதிதான். வேலிக்கு வெளியே வெயிலில் வந்து விழுந்தபோதும் உள்ளே அது கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் வாய்க்கு முன்னால் குவிந்து கிடந்த சீவல்களில் நான் பார்த்ததை அம்மாவிடம் இதுவரை சொல்லவில்லை.

போலீஸ் வந்தது. விரலில் அடிபட்டு மயக்கத்தில் மிஷினில் விழுந்த மைத்துனர், காப்பாற்றப் போய்க் கையை இழந்த மச்சான் என்று முடித்துக்கொண்டார்கள். பூட்ஸ்களைப் பற்றிச் சொன்னேன். இன்ஸ்பெக்டர், “கொஞ்சம் சத்தமா சொல்லும்மா” என்றார். அதற்குமேல் என்னால் சொல்ல முடியவில்லை. உள்ளே தேடியவர்களுக்குப் பூட்ஸ் கிடைக்கவில்லை. டப்பாவும் கிடைக்கவில்லை.

அப்பா பிழைத்தார். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. மருத்துவமனையில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த ஒரு ஆளை மட்டும் விட்டுவிடு என்று யாரிடம் கேட்கிறேன் என்று தெரியாமலே கேட்டுக்கொண்டிருந்தேன். வெட்டு இவ்வளவு சுத்தமாக இருப்பதால் புண் சீக்கிரம் ஆறுகிறது என்றார் டாக்டர். வீட்டுக்குக் கூட்டிவந்தோம். தம்பியை இழந்த அம்மா சமையலறையிலேயே இருந்தாள். என்னிடம் அதிகம் பேசுவதில்லை. அப்பா சன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். தினமும் காலையில் நான்தான் கட்டுப் பிரித்துக் கட்டுவேன்.

ஒருநாள் காலை, வெளிச்சம் நன்றாக வந்த பிறகு, பஞ்சை எடுத்தேன்.

ஆறிய வெட்டுமுகத்தில், தோலுக்குச் சற்று உள்பக்கம், மெல்லிய நீல வளையம்.

நடுவில் பூசவில்லை. வெளியே வழியவில்லை. நான் பூசுவதைவிட நேர்த்தியாக இருந்தது.

ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்தேன். சோப்பு போட்டுத் தேய்த்தேன். அப்பா என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “என்ன பாப்பா?” என்றார். நான் அவருடைய இடது கையை எடுத்துப் பார்த்தேன். நகங்கள் மஞ்சளாகியிருந்தன. விரல் நுனிகள் உள்ளே சுருளத் தொடங்கியிருந்தன. நீலம் வேலை செய்கிறதா என்று நாங்கள் மிச்சக் கிளைகளின் நுனியில்தான் பார்ப்போம். நுனி மஞ்சளானால் மருந்து வேருக்கு இறங்கிவிட்டது என்று அர்த்தம். அதே வேரிலிருந்து வந்தவை எல்லாவற்றுக்கும் போகும்.

“ஒண்ணுமில்லப்பா” என்றேன்.

“வெட்டு!”

கொல்லைப்பக்கத்திலிருந்து, அந்தக் கெட்டுப்போன இனிப்பு வாசனையோடு வந்தது. அப்பா என் எதிரில் வாய் மூடி உட்கார்ந்திருந்தார். அவர் கண்கள் விரிந்தன.

நான் இரண்டு கையாலும் என் வாயைப் பொத்திக்கொண்டேன்.

பின்அறையிலிருந்து பதில் வந்தது. கணீரென்று, தயக்கமே இல்லாமல்.

“பூச்சு!”

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

“என்னடி சொன்ன?” என்றாள் அம்மா. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் குரலில் கொஞ்சம் உயிர் இருந்தது. “அட, உனக்கு இப்படிக்கூடப் பேச வருமா?”

“அம்மா, இங்க வாயேன்!” என்றது பின்அறை.

அடுப்பை அணைக்கும் ஒலி. கையைத் துடைத்துக்கொண்டு வருகிற காலடி. அம்மா நடையில் வந்து நின்றாள். ஒரு பக்கம் நாங்கள் இருந்த முன்அறை. மறுபக்கம் பின்அறை. இரண்டுக்கும் கதவு பாதி சாத்தியிருந்தது.

நான் வாயிலிருந்து கையை எடுத்தேன். நெஞ்சில் இருந்த காற்றையெல்லாம் திரட்டி, தொண்டை கிழியக் கத்தினேன்.

“அம்மா, அங்க போகாத! இங்க வா!”

“அம்மா, அங்க போகாத! இங்க வா!” என்றது பின்அறை, அதே நொடியில்.

அம்மா ஒரு கணம் நடுவில் தயங்கி நின்றாள். பிறகு, எந்தக் குரல் சத்தமாகக் கேட்டதோ, அந்தப் பக்கம் திரும்பினாள்.